கார்டைப் பார்த்து விலை

ஒரு கைபேசியின் விலை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பண்டிகைக்கால இணைய விற்பனையில் குறிப்பிட்ட ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்கு அதில் 10 சதவீதம் உடனடித் தள்ளுபடி, உச்சவரம்பு 1,500 ரூபாய். அதே கார்டில் மாதத் தவணையாக எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். வேறு வங்கியின் கார்டுக்காரருக்கும், யுபிஐயில் செலுத்துபவருக்கும், வீட்டு வாசலில் ரொக்கமாகக் கொடுப்பவருக்கும் 20,000 தான். ஃபிளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன் டே’யை நடத்தியது 2014-இல். அதற்குப் பின் இந்த ஏற்பாடு நம் வாங்கும் பழக்கத்தில் அவ்வளவு இயல்பாகக் கலந்துவிட்டது. இதில் நியாயம், அநியாயம் என்று கேட்க ஏதோ இருப்பதாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. விளம்பரத்தில் வங்கியின் பெயர் இருக்கிறது, நிபந்தனைகள் பொடி எழுத்தில் இருக்கின்றன, பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் சந்தையில் ஆளைப் பார்த்து விலை சொல்லும் வியாபாரியைப் பற்றி நாம் இவ்வளவு பெருந்தன்மையாகப் பேசுவதில்லை. காரில் வந்து இறங்கியதைப் பார்த்து ஒருவர் விலையை ஏற்றினால் ஏமாற்று என்கிறோம். கார்டைப் பார்த்து ஒருவர் விலையை இறக்கினால் சலுகை என்கிறோம். இரண்டுக்கும் நடுவே உண்மையில் எவ்வளவு தூரம் இருக்கிறது? விற்பதிலும் வாங்குவதிலும் உள்ள நியாயத்தைப் பற்றிச் சமயங்கள் மிகப் பழைய காலத்திலிருந்தே பேசிவருகின்றன. அவை சொல்லியிருப்பதை வைத்தே இதைப் பார்க்கலாம்.

முதலில் நினைவுக்கு வருவது இரட்டை எடைக்கல் பற்றிய தடை. விவிலியத்தின் உபாகமம், பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கற்கள் வைத்திருப்பதை விலக்குகிறது. குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம், தமக்கு அளந்து வாங்கும்போது நிறைய வாங்கிப் பிறருக்கு அளக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைக் கண்டித்துத் தொடங்குகிறது. கார்டுத் தள்ளுபடியைக் குறை சொல்ல விரும்புகிறவர் இந்த வசனங்களைத் தூக்கிப் பிடிக்க ஆசைப்படலாம். அது சரிப்படாது. இரண்டு கல் வைத்திருப்பவரின் குற்றம் மறைப்பது. தட்டில் எந்தக் கல் ஏறியிருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. கார்டுச் சலுகையோ செய்தித்தாளின் முதல் பக்கம் முழுவதும் விளம்பரமாகிறது. பொய் இல்லாத இடத்தில் பொய்க்குரிய தண்டனையைக் கோர முடியாது. ஆகவே இதில் குறை உண்டென்றால் அது வேறெங்கோ இருக்க வேண்டும். வள்ளுவர் வணிகரைப் பற்றிய குறளை எங்கே வைத்தார் என்று பார்த்தால் அந்த இடம் புலப்படும். பொருட்பாலில் பொருள் செயல்வகை என்றே ஓர் அதிகாரம் இருக்க, அங்கே வைக்காமல் அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். எந்தப் பக்கமும் சாயாத துலாக்கோலைச் சான்றோருக்கு உவமையாக்கும் குறளும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போதும், வாங்குவதில் மிகையாக எடுக்காமல், கொடுப்பதில் குறை வைக்காமல் இருப்பதைச் சொல்லி அவர்களை நடுநிலை நெஞ்சினர் என்கிறது. அப்படியானால் விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: மறைத்தாரா, சாய்ந்தாரா? முதல் கேள்வியில் கார்டுத் தள்ளுபடி தப்பித்துவிடுகிறது. இரண்டாவதில் தப்புமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

சாயாத விலையை நடைமுறையாக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்தின் குவேக்கர்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றிய இந்தக் கிறிஸ்தவக் குழுவில் கடைக்காரர்கள் நிறைய. அன்று பேரம் பேசாமல் வணிகமே இல்லை. குவேக்கர்கள் பேரத்தை மறுத்தார்கள். எந்த விலைக்குக் கொடுக்க மனம் இருக்கிறதோ அதைவிட அதிகமாக ஒரு விலையைச் சொல்வது பொய், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிருக்கச் சொன்ன இயேசுவின் கட்டளைக்கு விரோதம் என்பது அவர்கள் வாதம். முதலில் வாடிக்கையாளர்கள் விலகிப்போனார்கள் என்றும், ஒரு குழந்தையை அனுப்பினாலும் பெரியவருக்குச் சொன்ன விலையே சொல்லப்படும் என்று தெரிந்தபின் திரும்பி வந்தார்கள் என்றும் ஃபாக்ஸ் எழுதிவைத்திருக்கிறார். (அறம் லாபமாகவும் முடிந்தது என்பதற்காக அது அறம் இல்லை என்றாகிவிடாது.) பின்னர் 19-ஆம் நூற்றாண்டின் பெரிய பல்பொருள் கடைகள் இதை உலக வழக்கமாக்கின. பிலடெல்ஃபியாவில் 1876-இல் பெருங்கடை திறந்த, விலைச்சீட்டோடு சேர்த்து நினைக்கப்படும் ஜான் வனமேக்கரும் ஆழ்ந்த சமயப் பற்றுள்ளவர். நம் பாக்கெட்டுகளில் அச்சாகும் எம்ஆர்பிகூட இந்த எண்ணத்துக்குத் தூரத்து உறவு. வருகிறவர் யார் என்று பார்க்காமல் பொருளுக்கு விலை சொல்வது என்பது தானாக வந்த இயற்கை நிலை இல்லை. சிலர் நஷ்டத்தையும் பொறுத்துக்கொண்டு நிலைநாட்டியது. அதனால்தான் அதைக் கைவிடும்போது காரணம் கேட்க வேண்டியிருக்கிறது.

காரணங்கள் இருக்கவும் செய்கின்றன. எல்லோருக்கும் எப்போதும் ஒரே விலை என்று பிடிவாதம் பிடிப்பது நியாயத்தைத் தட்டையாக்கிவிடும். எது சரியான வேறுபாடு, எது தவறானது என்று பிரிக்க எனக்குத் தெரிந்து மிகக் கூர்மையான அளவுகோலைத் தந்தவர் 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ். ‘சும்மா தியோலஜிகா’ நூலில், ஒரு பொருளை அதன் மதிப்புக்கு மேல் விற்கலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு அவர் இரண்டு நிலைமைகளைப் பிரிக்கிறார். பொருளைக் கொடுப்பதால் விற்பவருக்கே ஒரு தனி இழப்பு நேருமானால், அதை விலையில் சேர்க்கலாம். ஆனால் விற்பவருக்கு இழப்பே இல்லாமல், வாங்குபவருக்கு அந்தப் பொருள் மிகவும் தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஏற்றக் கூடாது. ஏனென்றால் அந்தக் கூடுதல் பயன் வாங்குபவரின் நிலைமையிலிருந்து வருவது, விற்பவருடையதே அல்ல. தன்னுடையது அல்லாததை யாரும் விற்க முடியாது. எழுநூறு ஆண்டுகள் கடந்தும் இந்தப் பிரிப்பு வேலை செய்கிறது. வாசலில் ரொக்கம் வாங்கும் முறையில் பணத்தை எண்ணி, சுமந்து, கட்டிச் சேர்க்கும் செலவு விற்பவருக்கு உண்டு. அதற்குச் சிறு கட்டணம் கேட்டால் சரி. மொத்தமாக வாங்குபவருக்குக் குறைத்துக் கொடுத்தால் சரி. நகைக்கடையில் ‘கார்டு என்றால் 2 சதவீதம் சேரும்’ என்று சொன்னால் மக்கள் கோபப்படுகிறார்கள். டெபிட் கார்டுக்கு அப்படிக் கூடுதலாக வாங்க ரிசர்வ் வங்கியின் தடையும் உண்டு. ஆனால் அக்வினாஸின் பார்வையில், தனக்கு நேரும் செலவைச் சொல்லிக் கேட்கும் அந்த நகைக்கடைக்காரர் பண்டிகைக்காலத் தளத்தைவிட நேர்மையாகவே தெரிவார்.

அந்த அளவுகோலை இப்போது கார்டுத் தள்ளுபடிமேல் வைத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகர் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கழிவுக் கட்டணம் பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரில் வரம்பு விதித்தது: சிறு வணிகருக்கு 0.40 சதவீதம், மற்றவருக்கு 0.90 சதவீதம். கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. பல கடைகளில் அது இவற்றைவிடப் பலமடங்கு. அதாவது விற்பவருக்குக் குறைந்த செலவு வைப்பவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் நேராகப் பணம் அனுப்புகிற வாடிக்கையாளர். அதிகச் செலவு வைப்பவர் கிரெடிட் கார்டை நீட்டுபவர். செலவுக்கு ஏற்ப விலை என்றால் 1,500 ரூபாய் முன்னவருக்குப் போக வேண்டும். போவதோ பின்னவருக்கு. ஆகவே விற்பவரின் செலவைக் காட்டி இந்த வேறுபாட்டை நியாயப்படுத்தவே முடியாது. இன்ன வங்கி இவரைத் தன் வாடிக்கையாளராக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்ற, கடைக்கும் கைபேசிக்கும் தொடர்பில்லாத ஒரு சங்கதி மட்டுமே எஞ்சுகிறது. வாங்குபவரிடம் விற்பனைக்கு வெளியே இருக்கும் ஒரு நிலைமையை வைத்து விலை நகர்கிறது. அக்வினாஸ் விலக்கிய திசை அதுதான்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு காத்திருக்கிறது. விலை 20,000 தான், எல்லோருக்கும் அதுவேதான். மீதி வங்கி தன் வாடிக்கையாளருக்குத் தரும் அன்பளிப்பு, அன்பளிப்பு கிடைக்காதவர் எதையும் இழக்கவில்லை என்பார்கள். இதற்கு விவிலியத்திலேயே துணை உண்டு. மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட உவமையில், நாள் முழுவதும் உழைத்தவருக்கும் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவருக்கும் தோட்டத்தின் உரிமையாளர் ஒரே கூலி கொடுக்கிறார்; முணுமுணுப்பவரிடம், என் பணத்தை என் விருப்பப்படி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்று கேட்கிறார். பேசிய கூலி குறையாதவரை புகார் சொல்ல யாருக்கும் இடமில்லை. இந்த வாதத்தை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன்: தன் பொருளைக் கொடுப்பவரிடம் ஏன் எனக்கில்லை என்று கேட்க முடியாது. ஆனால் இங்கே கொடுக்கப்படுவது யாருடைய பொருள்? இந்தியாவில் கிரெடிட் கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 36 முதல் 48 சதவீதம் வரை வட்டி ஓடுவது சாதாரணம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது; அதை உச்சநீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்துசெய்தது. தள்ளுபடியை வாங்கிக்கொண்டு கெடுவுக்குள் பணம் கட்டிவிடும் சாமர்த்தியசாலியின் சலுகையில், கெடு தவறியவர்கள் கட்டும் வட்டியும் கலந்திருக்கிறது. வணிகர் கட்டும் கழிவுக் கட்டணமும் அதில் சேர்கிறது. அந்தக் கட்டணம் பொது விலைக்குள் புகுந்துவிடுவதால் ரொக்கம் கொடுப்பவரும் தன் பங்கைக் கட்டுகிறார். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் ரொக்கம் பயன்படுத்தும் சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 149 டாலரைக் கார்டு பயன்படுத்தும் குடும்பங்களுக்குக் கைமாற்றியது. கார்டுக் குடும்பம் ஒவ்வொன்றும் பெற்றது 1,133 டாலர். அந்த எண்களை நம் நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது, நம் யுபிஐ அங்கே இல்லை. பணம் ஓடும் வழி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே. தோட்டத்தின் உரிமையாளர் பக்கத்துத் தொழிலாளியின் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த உவமைக்கே பொருள் இருந்திருக்காது. இன்னொன்றும் உண்டு: அவர் கூடுதலாகக் கொடுத்தது, நாளெல்லாம் சந்தையில் நின்றும் யாரும் வேலைக்கு அழைக்காதவர்களுக்கு. வங்கிகள் ஏற்கெனவே அழைத்துக்கொண்டவர்களுக்கு அல்ல.

அன்பளிப்பு என்ற பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரொக்கத்துக்கும் கடன் அட்டைக்கும் விலை வேறுபடலாமா என்று 1970-களில் அமெரிக்காவில் விவாதம் எழுந்தபோது, வேறுபாடு இருந்தே தீர வேண்டுமென்றால் அதை ரொக்கத்துக்கான தள்ளுபடி என்று சொல்லுங்கள், அட்டைக்கான கூடுதல் கட்டணம் என்று சொல்லாதீர்கள் என்று அட்டை நிறுவனங்கள் வற்புறுத்தின. பொருளியலாளர் ரிச்சர்ட் தாலர் 1980-இல் எழுதிய கட்டுரையில் இதை எடுத்துக்காட்டாக வைத்தார். கணக்கு ஒன்றே, ஆனால் கிடைக்காமல் போன சலுகை வலிப்பதைவிடக் கையைவிட்டுப் போகும் காசு அதிகமாக வலிக்கும். தளத்தில் 18,500 என்று எழுதி, ‘இந்த வங்கியின் கார்டு இல்லாதவர்கள் 1,500 ரூபாய் கூடுதலாகச் செலுத்தவும்’ என்று கீழே போட்டால் அடுத்த நாள் அந்தத் தளத்தின்மேல் வழக்கு விழும். நம் ரிசர்வ் வங்கியும் ஒருமுறை இப்படிப்பட்ட பெயர் விளையாட்டைக் கலைத்திருக்கிறது. 2013 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியைச் செயல்முறைக் கட்டணத்துக்குள் ஒளித்துவைக்கும் இந்தத் திட்டங்கள் எளிதில் ஏமாறக்கூடிய வாடிக்கையாளரை ஈர்த்துச் சுரண்டவே உதவுகின்றன என்ற பொருளில் கடுமையாகவே எழுதியது. இன்றைய ‘நோ-காஸ்ட்’ தவணைகள் வட்டியை முன்கூட்டியே விலையில் கழித்துக் காட்டி அந்தச் சுற்றறிக்கையைச் சுற்றிக்கொண்டு போகின்றன; அந்த வட்டிமீது 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் வாங்குபவர் தலையில் விழுகிறது. முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுப்பவருக்கு அந்தக் கழிவு ஏன் இல்லை என்று கேட்டால் பதில் வருவதில்லை.

வேண்டுமென்றால் அவரும் ஒரு கார்டு வாங்கிக்கொள்ளட்டுமே என்பது அடுத்த மறுப்பு. நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகள் 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டின. டெபிட் கார்டுகள் 90 கோடிக்கு மேல். ஒருவரே மூன்று நான்கு கிரெடிட் கார்டு வைத்திருப்பது சகஜம் என்பதால் ஆட்களின் எண்ணிக்கை அதைவிடக் கணிசமாகக் குறைவு. சம்பளச் சீட்டு இல்லாத பூக்காரி, வீட்டு வேலை செய்பவர், கொத்தனார் ஆகியோர் விண்ணப்பித்தால் 300-இல் தொடங்கி 900-இல் முடியும் கடன் மதிப்பெண் அவர்களுக்கு பெரும்பாலும் இருக்கவே இருக்காது. ஒழுங்காகக் கடன் அடைத்து அந்த மதிப்பெண்ணைச் சம்பாதித்தவருக்குப் பரிசு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், அதை வங்கி தன் கூரையின் கீழே கொடுக்கட்டும், வட்டியைக் குறைக்கட்டும், ஆண்டுக் கட்டணத்தை விடட்டும். அமெரிக்கத் தத்துவவாதி மைக்கேல் வால்சர் 1983-இல் வெளியிட்ட நூலில், ஒரு களத்தில் ஒருவருக்கு இருக்கும் மேன்மை, அதனோடு சம்பந்தமில்லாத வேறொரு களத்தில் அவரை முன்வரிசையில் நிறுத்தக் கூடாது என்று வாதிட்டார். கடன் கொடுப்பவரின் நம்பிக்கை கடன் வாங்கும் இடத்தில் செல்லுபடியாகட்டும். அரிசி வாங்கும் இடத்திலும் மருந்து வாங்கும் இடத்திலும் அதே நம்பிக்கை விலையை நிர்ணயிக்க ஆரம்பித்தால், வங்கி மறுத்த ஒருவரைக் கடையும் பாதி மறுத்தாற்போல் ஆகிறது.

முதியவருக்கும் மாணவருக்கும் கட்டணச் சலுகை தருவதும் ஆளைப் பார்த்து விலை சொல்வதுதானே, தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, அதையும் தவறு என்பாயா என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது எளிது. ஆளைப் பார்ப்பது தன்னளவில் குற்றமில்லை. எந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இயலாமைக்கு இறங்கி வரும் விலையும் இயன்றவருக்கு இறங்கி வரும் விலையும் ஒரே கணக்கில் வராது. எனக்குக் கொஞ்சம் கடினமாகத் தோன்றும் மறுப்பு இன்னொன்று: இதெல்லாம் கைபேசியும் குளிர்சாதனப் பெட்டியும், இதற்கு இவ்வளவு பெரிய நியாயப் பேச்சு தேவையா? உண்மைதான், கொத்தடிமை வேலையோடும் கந்துவட்டியோடும் ஒப்பிட்டால் இது சிறு குறை. இதைப் பெரும் பாவமாக்கத் தேவையில்லை, அதைத் தந்திரமாகப் பயன்படுத்துகிற நடுத்தர வர்க்கத்தவரைக் குற்றவாளியாக்கவும் தேவையில்லை. கூட்டு முத்திரைக் கார்டுகள் வந்தபின், அதாவது அமேசானும் ஐசிஐசிஐயும் 2018-இல், ஃபிளிப்கார்ட்டும் ஆக்சிஸும் 2019-இல் சேர்ந்தபின், இந்த ஏற்பாடு பண்டிகை வாரத்தைத் தாண்டி ஆண்டு முழுவதற்கும் நீண்டுவிட்டது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பொருளின் விலையை அறிய முதலில் உன் பணப்பையைத் திற என்று சொல்லும் கடைக்கு நாம் பழகிவருகிறோம்.

இதற்கிடையே மக்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: இரவல் கார்டு. அலுவலக நண்பரோ அத்தை மகனோ தம் கார்டில் வாங்கிக் கொடுக்க, பணத்தை யுபிஐயில் அனுப்பிவிடுகிறார்கள். இது சரியா? கார்டைப் பிறர் கையில் கொடுப்பதும் ஓடிபியைச் சொல்வதும் வங்கி விதிகளுக்குப் புறம்பு, ஆபத்தும்கூட. அதை நான் ஆதரிக்க மாட்டேன். கார்டுக்குரியவரே வாங்கித் தம் பொறுப்பில் பணம் கட்டி, பொருளை வேண்டியவருக்குக் கொடுத்தால் அதில் யாருக்கும் பொய் சொல்லப்படவில்லை. மூடிய கதவைத் தெரிந்தவருக்காக உள்ளிருந்து திறந்துவிடுகிற செயல் அது. பத்துப் பேரின் கார்டுகளைத் திரட்டி, இருப்பு தீரும்வரை கைபேசிகளை அள்ளி, மறுநாள் வெளிச்சந்தையில் விற்பவர் விஷயம் வேறு. அவர் சலுகையை இல்லாதவரிடம் கொண்டு சேர்க்கவில்லை, இல்லாதவருக்கே மறுபடி விலைக்கு விற்கிறார். ஒரு கார்டுக்கு ஒரு கைபேசி என்று தளங்கள் வரம்பு வைப்பதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. தெரிந்தவருக்காக வாங்குபவரிடம், இதை யாருக்காக வாங்குகிறீர்கள் என்று கடை கேட்டால் அவர் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். இதுவரை எந்தக் கடையும் கேட்பதாகத் தெரியவில்லை.